ஆக்ஸலுக்குத் தாவி விழுந்த மாணவி: நான் அனுமதித்தது சரியா?

உச்சிப்புளி ஆசிரியர்:

வணக்கம். ஒரு மாதமாக மனத்தை விட்டு நீங்காத ஒரு செய்தியை இங்கே வைக்கிறேன். என் முடிவு தவறு என்று நினைப்பவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளி முடிந்த பிறகு பதினொரு பிள்ளைகளுக்கு நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டில் ஃபிகர் பிரிவைச் சொல்லிக்கொடுக்கிறேன். பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உள்ள ஆக்ஸல், சால்கோ, லூப், லட்ஸ் ஆகிய தாவல்கள் இதிலும் உண்டு. காலின் கீழே கத்திக்குப் பதில் சக்கரம், பனிக்குப் பதில் சிமெண்ட் தளம். இப்பிள்ளைகளில் ஒருத்தி பாம்பனைச் சேர்ந்தவள், பத்தாம் வகுப்பு படிப்பவள். அவளுடைய தகப்பனார் விசைப்படகில், கிடைக்கும் மீனில் ஒரு பங்குக்காகக் கடலுக்குப் போகிறவர்.

சென்ற மாதம் மாநில அளவிலான ஒரு போட்டியில், ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் ஆட்டம் முடிந்தபோது அவள் இரண்டாம் இடத்தில் இருந்தாள். மறுநாள் லாங் புரோகிராம் என்ற நீண்ட ஆட்டத்தில் கைவந்த தாவல்களை மட்டும் ஆடியிருந்தால் முதல் மூன்று இடங்களில் ஒன்று கிடைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்று காலை அவள் என்னிடம் வந்து, "சார், இன்றைக்கு ஆக்ஸல் போடட்டுமா?" என்று கேட்டாள். மற்றத் தாவல்களுக்குப் பின்னோக்கி வழுக்கி வந்து எழும்ப வேண்டும். ஆக்ஸல் ஒன்றுக்குத்தான் போகும் திசையைக் கண்ணால் பார்த்தபடி முன்னோக்கி எழும்ப வேண்டும், இறங்குவதோ பின்னோக்கி, ஆகவே ஒரு சுற்றுக்கு மேல் அரைச் சுற்று கூடிவிடுகிறது. பயிற்சியில் பத்து முறை எழும்பினால் மூன்று முறைதான் விழாமல் இறங்கி நிற்பாள். அது தெரிந்திருந்தும் "போடு" என்றேன். விழுந்தாள். எழுந்த பதற்றத்தில் அடுத்த ஸ்பின்னும் குலைந்தது. நான்காம் இடம். அவளுடைய தகப்பனார் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு போனார்.

போடு என்று சொன்ன அந்த நொடியில் என் நினைவில் இருந்தவர் ஜப்பானின் யுசுரு ஹன்யூ. 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2022 பெய்ஜிங்கில் அதுவரை யாரும் போட்டியில் நின்று காட்டாத நான்கரைச் சுற்று ஆக்ஸலுக்கு எழும்பினார்; முந்தைய நாள் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கியிருந்தும் எழும்பினார்; விழுந்தார்; நான்காம் இடத்தோடு திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின், பதினேழு வயதில், லேக் பிளாசிடில் நடந்த போட்டியில் அந்தத் தாவலை நின்று காட்டினார். தன்னை அதற்குத் தூண்டியவர் ஹன்யூ என்று மாலினினே சொல்லியிருக்கிறார். பதக்கத்தை விடப் பெரிய ஒன்றை ஒரு வீரர் விளையாட்டுக்கு விட்டுச்செல்ல முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் ஏற்றியது சரிதானா என்பதே என் கேள்வி.

தொண்டிக் கரை:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்கிறேன்: தவறு, அதுவும் பெரிய தவறு.

ஹன்யூ பெய்ஜிங்குக்குப் போனபோது அவர் வீட்டில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஷார்ட் புரோகிராமில் அவருடைய கத்தி பனியில் இருந்த பள்ளத்தில் சிக்கியதால் முதல் தாவலே கெட்டு, எட்டாம் இடத்தில் இருந்துகொண்டுதான் அவர் அந்த ஆக்ஸலுக்கு எழும்பினார். உங்கள் மாணவி இரண்டாம் இடத்தில் இருந்தாள். வயிறு நிறைந்தவர் இருக்கும் நோன்பையும் அடுப்பு எரியாத வீட்டின் பட்டினியையும் ஒன்றாக எண்ணலாமா?

பாம்பனில் பங்குக்குப் போகிற ஒருவரின் வருமானம் எப்படிப்பட்டது என்பதை உச்சிப்புளியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மற்ற மாதங்களில் காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை. எல்லை தாண்டினால் சிறை, படகும் போய்விடும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாநிலப் போட்டியின் சான்றிதழ் என்பது கல்லூரிச் சேர்க்கையில் ஒரு இடம். நாளை அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள் நுழைய ஒரு வாசல். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் மேல் உங்களுக்கு இருக்கும் காதலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காதலுக்கான விலையை அந்தத் தகப்பனார் கொடுத்திருக்கிறார். அவர் பேசாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கீழக்கரை வாசகன்:

நான் ஆசிரியரின் பக்கம். தொண்டி நண்பர் வருமானத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன்; ஆனால் விளையாட்டில் எது நிற்கிறது என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை.

ஆக்ஸல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1882இல் வியன்னா நகரப் போட்டியில் நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் முன்னோக்கி எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார். அவர் காலில் இருந்தவை வேக ஓட்டத்துக்கான ஸ்கேட்டுகள். அந்தப் போட்டியில் யார் யார் எந்தெந்த இடம் பெற்றார்கள் என்பதை இன்று நம்மில் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பாக் நீரிணைக் கரையில், பனியைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு பெண் "ஆக்ஸல் போடட்டுமா" என்று அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்கிறாள். சுவீடனின் உல்ரிக் சால்கோ பத்து முறை உலகச் சாம்பியன், 1908 ஒலிம்பிக் தங்கமும் அவருடையதே. ஆனாலும் 1909இல் அவர் போட்ட தாவல்தான் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. 1992 ஒலிம்பிக்கில் ஜப்பானின் மிதோரி இதோ தங்கம் வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெண்களில் சர்வதேசப் போட்டியில் மூன்றரைச் சுற்று ஆக்ஸலை முதலில் நின்று காட்டியவர் அவர்தான். ஆனால் அங்கே முதல் கட்டத்திலேயே ஒரு தாவலில் விழுந்து பின்தங்கினார். இறுதி ஆட்டத்தின் தொடக்கத்தில் போட்ட ஆக்ஸலிலும் விழுந்தார். அவ்வளவு ஆன பிறகு யாராக இருந்தாலும் எளிய தாவல்களால் எஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்ப்பார்கள். அவர் ஆட்டத்தின் பிற்பகுதியில், கால் களைத்த நேரத்தில், மறுபடியும் அதே ஆக்ஸலுக்கு எழும்பி, நின்றார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் அதை நின்று காட்டியது அதுவே முதல் முறை. வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். ஒரு விளையாட்டின் மேல் உள்ள பற்று என்னவென்று என்னிடம் யாராவது கேட்டால் அந்த இரண்டாவது முயற்சியைத்தான் காட்டுவேன்.

தொண்டிக் கரை:

கீழக்கரை அண்ணன், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் சாம்பியன்கள். மிதோரி இதோ 1989இலேயே உலகச் சாம்பியன். அவர்களுக்குத் தோல்வி ஒரு அத்தியாயம். நம் பிள்ளைகளுக்கு அதுவே புத்தகத்தின் கடைசிப் பக்கமாகிவிடும்.

நம் கடலையே எடுத்துக்கொள்வோம். 1994இல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீஸ்வரன் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, 1966இல் நீச்சல் வீரர் மிகிர் சென் படைத்த சாதனையை முறியடித்தார். அப்பேர்ப்பட்ட பிள்ளையே பிறகு நீச்சலை விட்டுப் பொறியியல் படிப்புக்குப் போக வேண்டியிருந்தது. தடம் பதித்தவருக்கே நிலைமை இது என்றால், நான்காம் இடத்தில் விழுந்த பிள்ளைக்கு நாம் எதைச் சொல்லி ஆறுதல் தரப்போகிறோம்?

தங்கச்சிமடம் ஐஸ்:

நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இந்த விவாதத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் கட்டை செய்யும் இடத்தில் உப்புநீர்த் தொட்டி இருக்கும். அமோனியாவால் அந்த உப்புநீரைக் குளிரூட்டி, நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை அதற்குள் இறக்கினால் தண்ணீர் கட்டையாகிவிடும். பனியில் ஸ்கேட்டிங் ஆடும் அரங்கான ரிங்க்கிலும் ஏறக்குறைய இதே வேலைதான்: சிமெண்ட் தளத்துக்கு அடியில் குழாய்கள், குழாய்களில் குளிர்ந்த உப்புநீரோ கிளைக்கால் என்ற உறையாத திரவமோ, தளத்தின் மேலே ஒன்றரை அங்குலம்கூட வராத பனி. நம் கரையில் ஒவ்வொரு நாளும் உருவாகும் பனி முழுவதும் நொறுங்கி மீன் பெட்டிக்குள் போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எப்போதாவது மனத்தில் எழும் நினைப்பு.

நான் சொல்ல வந்தது தளத்தைப் பற்றி. ஹன்யூவின் ஊர் செண்டாய். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்தபோது பதினாறு வயதுப் பையனான அவர் ரிங்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். காலில் ஸ்கேட்டோடு வெளியே ஓடினார். குடும்பத்தோடு முகாமில் தங்கினார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த நம் கரைக்காரர்களுக்கு, ஊர் போனபின் அடுத்த வேளையை எங்கே தொடங்குவது என்ற திகைப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிங்க் சேதமடைந்து மூடிக் கிடந்த மாதங்களில் அவர் வேறு ஊர்களின் ஐஸ் நிகழ்ச்சிகளில் ஆடியே பயிற்சியைத் தொடர்ந்தார். பிறகு தம் புத்தகங்களின் வருவாயை அந்தச் செண்டாய் ரிங்க்குக்கே கொடுத்தார். அவர் விட்டுச்செல்வதில் எது பெரியது என்று என்னிடம் கேட்டால், விழுந்த ஆக்ஸலை விட அந்தப் பணத்தைத்தான் சொல்வேன். தளம் இருந்தால்தானே அடுத்த பிள்ளை விழவாவது முடியும்?

நம் நாட்டிலும் டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகப் பெரிய ரிங்க் கட்டினார்கள். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? ஆசிரியர் ஐயா, உங்கள் சிமெண்ட் தளத்தின் நடுவில் வெடிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

தொண்டிக் கரை:

ஐஸ் கம்பெனி அண்ணன் எனக்கே வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே செண்டாய் ரிங்க் 2004இல் பணமில்லாமல் மூடப்பட்டது. அது 2007இல் மறுபடி திறந்ததற்கு, அங்கே பயிற்சி பெற்ற ஷிசுகா அரகாவா 2006 துரின் ஒலிம்பிக்கில் வென்ற தங்கமும் அவர் எழுப்பிய குரலும் துணையாக இருந்தன. பதக்கம் வந்தது, பூட்டு திறந்தது. தென் கொரியாவில் கிம் யுனா கேளிக்கைப் பூங்காவின் பொது ரிங்க்கில் இரவு நேரத்தில் பயிற்சி செய்து வளர்ந்தவர். 2010 ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகுதான் அங்கே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஸ்கேட் கட்டினார்கள். தளம் வேண்டுமென்றால் முதலில் வெற்றி வேண்டும். உங்கள் மாணவி மூன்றாம் இடம் பெற்றிருந்தால், ஒரு புகைப்படம் நாளிதழில் வந்திருந்தால், அந்த வெடிப்பைச் சரிசெய்யச் சொல்லி யாரிடமாவது மனு கொடுக்க உங்களுக்கு ஒரு காகிதமாவது கையில் இருந்திருக்கும்.

பெரியவர்கள் தங்கள் கனவைப் பிள்ளைகளின் காலில் கட்டுவதன் விளைவையும் பெய்ஜிங்கிலேயே பார்த்தோம். பதினைந்து வயது கமிலா வலியேவா, ஊக்கமருந்து விவகாரத்தின் சுமையோடு பனியில் இறக்கிவிடப்பட்டு, விழுந்து விழுந்து ஆடி, அழுதபடி வெளியே வந்தாள். அதன் பிறகுதான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மூத்தோர் போட்டிக்கான வயது வரம்பைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்தியது. ஆசிரியரை அந்தப் பயிற்சியாளர்களோடு ஒப்பிடவில்லை. அப்படி எண்ணினால் பாவம். ஆனால் தடம் பதிப்பது என்ற சொல்லைப் பதினைந்து வயதிடம் பேசக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கீழக்கரை வாசகன்:

அரகாவாவைச் சொன்னீர்களே, மீதியையும் சொல்ல வேண்டாமா? துரினில் அவர் ஆடியபோது மதிப்பெண் முறை புதிதாக மாறியிருந்தது. இரு பாதங்களையும் எதிரெதிர்த் திசையில் வைத்து வழுக்கிச் செல்லும் இனா பாவர் என்ற அசைவை அவர் முதுகைப் பின்னால் வளைத்துச் செய்வார்; அதற்குப் புதிய முறையில் தனி மதிப்பெண் கிடையாது. அதை எடுத்துவிட்டு மதிப்பெண் தரும் வேறொன்றை அவர் வைத்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை, தமக்குப் பிடித்தது, தம்முடையது என்பதற்காகவே வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜப்பானில் மக்கள் வாயில் அதிகம் புழங்கிய சொற்களுக்கான விருது 'இனா பாவர்' என்ற பெயருக்கும் கிடைத்தது. அந்தப் பெயருக்குரிய ஜெர்மானியப் பெண் உலகப் போட்டியில் நான்காம் இடத்தைத் தாண்டியவரே அல்லர். சாம்பியன்களை மட்டுமே காட்டுகிறேன் என்றீர்களே, இவர் நான்காம் இடத்துக்காரர்தான்.

குற்றாலீஸ்வரன் பற்றியும் ஒரு சொல். அவர் படிக்கப் போனார் என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பிறகு அந்த நீரிணையை நீந்த எத்தனை பேர் தனுஷ்கோடிக்கு வந்துவிட்டார்கள் என்பதை அரிச்சல்முனையில் நிற்பவர்கள் அறிவார்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் சாட்சியாகாது.

சின்னப்பாலம் மகள்:

இங்கே எழுதுபவர்களில் சான்றிதழால் வேலை பெற்றவள் நான் ஒருத்திதான் என்று தோன்றுகிறது. என் அம்மா கடலில் இறங்கிப் பாசி எடுத்து எங்களை வளர்த்தவர். நான் கபடி ஆடினேன். மாநிலச் சான்றிதழ் இருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று அரசுப் பணியில் இருக்கிறேன். என் அம்மா இப்போது கடலில் இறங்குவதில்லை. ஆகவே தொண்டி அண்ணன் சொன்னதை லேசாக ஒதுக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காகிதம் எங்கள் வீட்டுக் கூரை.

ஆனால் அண்ணன், உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்த நாளிலிருந்து நான் கபடித் தளத்தை மிதிக்கவில்லை. பயிற்சியாளர் சொன்ன பக்கம் பாடிப் போனேன், சொன்ன காலைப் பிடித்தேன். என் விருப்பத்துக்கு ஒரு ரெய்டு போனதாக நினைவில்லை. அதனால்தான் விடுவதும் எளிதாக இருந்தது. அமெரிக்காவின் அலிசா லியு பதினாறு வயதில், 2022இல், ஸ்கேட்டிங்கை விட்டுவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துத் தாமாகவே திரும்பி வந்தபோது, பாட்டும் உடையும் பயிற்சியும் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தம் பேச்சும் எடுபட வேண்டும் என்று சொல்லியே வந்தார். 2025இல் பாஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் திரும்பி வந்ததற்கும் நான் வராததற்கும் உள்ள வேறுபாட்டை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்தப் பெண் காலையில் தானாக வந்து கேட்டிருக்கிறாள். அதை ஆசிரியர் எழுதியும் நீங்கள் எல்லோரும் கடந்துபோய்விட்டீர்கள். ஹன்யூ கனவு ஆசிரியருடையதாக இருக்கலாம். ஆக்ஸல் கேட்டது அவள். ஆசிரியரின் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. விழுந்தால் என்ன இழப்பு என்பதை அவளிடம் அன்று காலை சொன்னீர்களா, ஐயா? அவளுடைய அப்பாவிடம் முன்பே பேசியிருந்தீர்களா?

உச்சிப்புளி ஆசிரியர்:

இல்லை, அம்மா. இரண்டையும் நான் செய்யவில்லை. உங்கள் பதிவைப் படித்த மறுநாள் பாம்பனுக்குப் போனேன்.

அவளுடைய தகப்பனார் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஹன்யூவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் நெடுநேரம் ஊசியை நிறுத்தாமல் இருந்துவிட்டு, "பத்துக்கு மூணுன்னா அது போட்டிக்குப் போடுற சாமானா, சார்? பத்துக்கு எத்தனை வந்தாப் போடலாம்?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி கொடுக்கும் நான் அந்தக் கணக்கை ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினோம். பத்துக்கு ஏழு என்று முடிவாயிற்று. ஏழு வரும்வரை போட்டியில் ஆக்ஸல் இல்லை; ஏழு வந்துவிட்டால், எந்த இடத்தில் இருந்தாலும், போடுவதும் விடுவதும் அவள் விருப்பம், அப்பா தடுக்க மாட்டார். ஒரு நோட்டில் ஒவ்வொரு மாலையும் எண்ணிக்கை எழுதுகிறோம். நேற்று நான்கு.

தங்கச்சிமடம் அண்ணன் கேட்ட வெடிப்பு உண்மைதான். அவள் வழக்கமாக எழும்பும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதைத் தவிர்க்கவே அவள் வேகத்தைக் குறைக்கிறாள் என்பதை நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் கண்டுகொண்டேன்.

தங்கச்சிமடம் ஐஸ்:

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை அழைத்து வருகிறேன். ஒரு மூட்டை சிமெண்ட்டும் சல்லடை மணலும் எடுத்து வையுங்கள். பூசிய பிறகு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

தொண்டிக் கரை:

தகப்பனாரிடம் போனதற்கு நன்றி, ஐயா. என் கருத்து மாறவில்லை. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே இத்தகைய முயற்சி வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஏழு போதாது, பயிற்சித் தளத்தில் ஏழு என்றால் நடுவர்கள் முன்னால் அது ஐந்தாகிவிடும். எட்டு என்று வையுங்கள்.

உச்சிப்புளி ஆசிரியர்:

அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.